கணவாயில் பின் இருக்கை

மார்ச் 3, ஞாயிறு
பாளையங்கோட்டை

பெட்டி கட்டியாயிற்று. எடை பார்த்துவிட்டு, இன்னும் நான்கு கிலோ இடம் இருக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வடிவு உடனே பருப்புப்பொடி, எள்ளுப்பொடி, நார்த்தங்காய், இரண்டு பாக்கெட் அவல் என்று கொண்டுவந்து திணித்துவிட்டாள். வியட்நாமில் சைவச் சாப்பாடே கிடைக்காது என்று அவள் தங்கை பயமுறுத்தியிருக்கிறாள்.

முப்பத்தைந்து வருஷம் துணை மின்நிலையத்தில் லாக் புக் எழுதியவன் நான். எந்த லைன் எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது, காரணம் என்ன. ஜனவரியில் ஓய்வு பெற்றதிலிருந்து கை சும்மா இருக்கிறது. அதனால் இந்த நோட்டு. பயணம் முழுவதும் எழுத உத்தேசம்.

பயணம் மகள் தேன்மொழியின் ஏற்பாடு. ஓய்வு பெற்றதற்கு அவளும் மாப்பிள்ளையும் கொடுக்கும் பரிசு. அதில் ஒரு நாள் மட்டும் நான் கேட்டுச் சேர்த்தது. ஹுவே என்ற ஊரிலிருந்து டா நாங் வரைக்கும், கடலை ஒட்டிய மலைப்பாதையில் மோட்டார் சைக்கிள் பயணம். ஹை வான் கணவாய் என்று பெயர். வழிகாட்டி ஒருவர் முன்னால் போவார், நாம் பின்னால் ஓட்டிக்கொண்டு போகலாம். வீடியோவில் பார்த்த அன்றே முடிவு செய்துவிட்டேன்.

வடிவு டூவீலரில் ஏறமாட்டாள். ஆறு வருஷமாகிறது. அம்பாசமுத்திரத்தில் அவள் பக்கத்துச் சொந்தத்தில் ஒரு கல்யாணம். திரும்பி வரும்போது ஒரு நாய் குறுக்கே வந்துவிட்டது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்கு வலது தொடையில் கம்பி வைக்கவேண்டியதாகிவிட்டது. இப்போதும் லேசாகச் சாய்ந்துதான் நடக்கிறாள். அன்றிலிருந்து பக்கத்துத் தெருவுக்கென்றாலும் ஆட்டோதான். என் புல்லட்டை ஞாயிற்றுக்கிழமை துடைத்து, தனியாக ஒரு சுற்று போய் வருவேன்.

அதனால் எனக்கு பைக், அவளுக்குக் கார் என்று பதிவு செய்திருக்கிறோம். கார் மலைக்கு அடியில் சுரங்கம் வழியாகப் போய்விடும்.

"சுரங்கத்துல போனா கடல் தெரியாதுல்லா?" என்று கேட்டாள்.

"நான் போட்டோ எடுத்துக் காட்டுதேன்" என்றேன்.

மார்ச் 7, வியாழன்
சென்னை விமான நிலையம்

விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். காரணம் சொல்லவில்லை. வடிவு அவல் சாப்பிட்டாள். நானும்.

மார்ச் 9, சனி
ஹுவே

ஊர் சுத்தமாக இருக்கிறது. அரண்மனை பார்த்தோம். வடிவுக்கு நடந்து நடந்து கால் வீங்கிவிட்டது.

நான்கு மணிக்கு வழிகாட்டி விடுதிக்கு வந்தார். பெயர் லாம். என்னைவிட நாலைந்து வயது குறைவாக இருக்கலாம். மெலிந்த உடம்பு, பாதி நரைத்த தலை. ஆங்கிலம் பத்துப் பதினைந்து சொற்களுக்கு மேல் இல்லை. மிச்சத்துக்குக் கையில் போன் வைத்திருக்கிறார். அதில் அவர் பாஷையில் பேசினால் அது தமிழில் சொல்கிறது. அதுவும் என்ன தமிழ்! வடிவைப் பார்த்து, "அம்மையாரே, தாங்கள் ஏன் மகிழுந்தில் வருகிறீர்கள்? கடல் மேலே அல்லவா இருக்கிறது?" என்றது. வடிவு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கால் சரியில்லை என்று தொடையைத் தட்டிக் காட்டினாள். லாம் அவள் காலைப் பார்த்தார். பிறகு விடுதி வாசலைப் பார்த்தார். வாசலில் மூன்று படிகள். பைக்கைத் தள்ளிக்கொண்டு வந்து இரண்டாவது படிக்கு ஒட்டி நிறுத்தினார். படியில் நின்றபடி காலைப் போட்டால் ஏறவே வேண்டாம், உட்கார்ந்துவிடலாம். "சும்மா, ஒரு சுற்று" என்பதுபோல விரலைச் சுழற்றிக் காட்டினார்.

வடிவு மாட்டாள் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்கள். ஆறு நிமிஷம். ஆறு நிமிஷமும் நான் வாசலில் நின்றேன். இறங்கியதும், "நானும் இதுலயே வாரேன். காரு வேண்டாம்" என்றாள்.

எனக்குச் சந்தோஷம்தான். ஆறு வருஷத்துப் பயம் போயிருக்கிறது. உடனே தேன்மொழிக்கு போன் போட்டுக் காரை ரத்து செய்யச் சொன்னேன். "என் வண்டி பின் சீட்டுல மெத்தை நல்லா இருக்கான்னு நாளைக்குப் பாத்துக்கிடுதேன்" என்று வடிவிடம் சொன்னேன்.

"நான் அவரு பின்னால வாரேங்க" என்றாள். "உங்களுக்குப் புது ரோடு. தனியா வந்தீங்கன்னா உங்களுக்கும் லேசா இருக்கும்லா."

நியாயமான யோசனைதான்.

மார்ச் 10, ஞாயிறு
டா நாங், மாலை

ஒழுங்காக எழுதவேண்டும். முழங்காலில் கட்டுப் போட்டிருக்கிறது, உட்கார்ந்து எழுத முடிகிறது.

காலை 7.30. லாம் இரண்டு பைக்கோடு ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு வந்து, ஒன்றை எனக்கு விட்டார். என் சர்வதேச உரிமத்தை வாங்கிப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "மிஸ்டர். ரைட் சைடு. ஆல்வேஸ் ரைட். ஃபாலோ மீ. நோ பாஸ் மீ" என்றார். முப்பத்தெட்டு வருஷம் வண்டி ஓட்டியவன் நான் என்று சொன்னேன். "யெஸ், யெஸ். ரைட் சைடு" என்றார்.

வடிவு சுடிதாரில் வந்தாள். பயணத்துக்கென்று தேன்மொழி வாங்கிக் கொடுத்ததாம். கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் நான் அவளைச் சுடிதாரில் பார்த்ததில்லை. என் பின்னால் சேலையோடு ஒரு பக்கமாகத்தான் உட்காருவாள். இன்று இரண்டு பக்கமும் கால் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

நான் பின்னால் போனதால் எல்லாம் தெரிந்தது.

8.10. ஊர் எல்லை. கைகள் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் கம்பியில்.
8.45. ரயில்வே கேட். ஒரு கை லாமின் தோளில்.
9.20. மரப்பாலம். பலகை ஆடியது. இரண்டு கையும் தோளில்.
9.25. பாலம் தாண்டியாயிற்று. கைகள் தோளிலேயே.
9.40. சிரிப்பு. என்ன விஷயம் என்று தெரியவில்லை.

ஒவ்வொரு இடத்திலும் லாம் வண்டியை ஒரு மேட்டை ஒட்டித்தான் நிறுத்தினார். டீக்கடைத் திட்டு, மதகுச் சுவர், ஏதாவது ஒன்று. வடிவு கால் மடக்காமல் இறங்குவாள், ஏறுவாள். இது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. எனக்கும் தோன்றியிருக்கும்.

லாங் கோ என்ற இடத்தில் உப்பங்கழி ஓரமாக மதியச் சாப்பாடு. இன்று அவர்கள் மாதத்தில் முதல் நாளாம், லாம் சைவம்தான் சாப்பிடுவாராம். "சாய்" என்றார் கடைக்காரப் பெண்ணிடம். சாய் என்றால் சைவம் என்று போன் சொன்னதும் வடிவுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கவேண்டும். கூடப் பிறந்தவனைக் கண்டுபிடித்த மாதிரி. பையைத் திறந்து பருப்புப்பொடியை எடுத்து அவர் சோற்றில் இரண்டு கரண்டி போட்டு, "எண்ணெய் இருந்தா இன்னும் நல்லா இருக்கும்" என்று போனிடம் சொன்னாள். அவர் பிசைந்து சாப்பிட்டுவிட்டு விரலை நக்கினார். போன், "அம்மையாரே, இது வெடிமருந்து போல் உள்ளது. மகிழ்ச்சி" என்றது. மறுபடி சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும் சிரித்தாள்.

அந்தப் பொடி எனக்கென்று இடித்துக் கொண்டுவந்தது. கேட்டிருந்தால் நானே கொடுத்திருப்பேன்.

"காரம் ஒத்துக்கிடாம ரோட்டுல மயங்கிக்கியங்கி விழுந்துரப் போறாரு" என்றேன்.

வடிவு என்னைப் பார்க்காமலே, "அவருக்கு ஒத்துக்கிடும்" என்றாள்.

12.15. கணவாய் ஆரம்பம்.

ரோட்டைப் பற்றி எழுதவேண்டும். வீடியோவில் பார்த்தது ஒன்றுமே இல்லை. வலது பக்கம் ஈரமான மலை, இடது பக்கம் கீழே கடல். ஒவ்வொரு வளைவு திரும்பும்போதும் கடல் இன்னும் கீழே போகிறது, இன்னும் அகலமாகிறது. நாம் போய்க்கொண்டிருக்கும்போதே மேகம் ரோட்டைக் கடந்து போகிறது. கார்கள் எல்லாம் சுரங்கத்தில் போய்விடுவதால் பைக்குகளும் எண்ணெய் டேங்கர்களும்தான். இதைப் பார்க்கத்தான் இத்தனை தூரம் வந்தேன். ஆனால் நான் பார்த்தது முன்னால் போகிற பைக்கின் பின் சீட்டை. ஐந்தாவது வளைவோ ஆறாவது வளைவோ, வடிவு லாமின் தோளிலிருந்து கையை எடுத்து இரண்டு பக்கமும் நீட்டினாள். சின்னப் பிள்ளைகள் செய்யுமே, அந்த மாதிரி. துப்பட்டா பறந்தது. என்னவோ சத்தம் போட்டாள். எனக்குக் கேட்கும்படி இல்லை. எனக்குச் சொன்னதும் இல்லை.

நான் கியரைக் குறைத்து முறுக்கினேன்.

ரோடு காலியாக இருந்தது. தாண்டிப் போவதற்குப் போதுமான இடம் இருந்தது. தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன், வடிவு கையை மடக்கிக்கொண்டாள். அவள் முகத்தில் இருந்த சந்தோஷம் போய்விட்டது. அதைப் பார்த்ததும் இன்னும் முறுக்கினேன். வளைவு வந்தது. முப்பத்தெட்டு வருஷப் பழக்கத்தில் கை இடது பக்கத்திலேயே வண்டியை வைத்துக்கொண்டது. வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து டேங்கர் வந்தது.

ஹாரன் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வலது பக்கம் ஒடித்தேன். பின் சக்கரம் ஜல்லியில் இழுத்து, வண்டி மலை ஓர ஓடைக்குள் சாய்ந்தது. டேங்கர் நிற்காமல் போய்விட்டது. முழங்கால் தோல் கிழிந்தது, வண்டியில் கண்ணாடி உடைந்தது. அவ்வளவுதான்.

லாம் ஓடிவந்து என்னைத் தூக்கினார். கையைக் காலை மடக்கிப் பார்த்தார். பிறகு வண்டியை நிமிர்த்தி, சாவியை உருவித் தன் சட்டைப் பைக்குள் போட்டுப் பொத்தானையும் மாட்டினார்.

வடிவு பக்கத்தில் வரவில்லை. எதிர்ப்பக்கம் கடலோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். நான் நொண்டிக்கொண்டு போனேன்.

"நம்ம ஊருப் பழக்கம் வடிவு. கை தன்னால இடது பக்கம் போயிட்டு" என்றேன்.

"அன்னைக்கு நாயி. இன்னைக்கு இடது பக்கமா?"

லாம் அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனில் ஏதோ கேட்டார். போன், "அம்மையாரே, தங்கள் கணவருக்கு உடல்நலக் குறைவு உள்ளதா?" என்றது. வடிவு போனைக் கையில் வாங்கிக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை. போனைப் பார்த்துப் பேசினாள்.

"ஒண்ணுமில்லைய்யா. கோவம். ஆறு வருஷத்துக்கு முன்னாலயும் இப்படித்தான். மெதுவாப் போங்கன்னேன். சொன்னதும் கூட ஒரு முறுக்கு முறுக்குனாரு. நான் சொல்லச் சொல்ல வேகம் கூடிக்கிட்டே போச்சு. பஸ்ஸ முந்தப் போயி மண்ணுல இறக்கிட்டாரு. நாயும் இல்ல, நரியும் இல்ல. ஆஸ்பத்திரியில எங்க அப்பா வந்து எப்படிம்மான்னு கேட்டாரு. நான் வாயத் தெறக்க முந்தி இவரு நாயின்னுட்டாரு. சரின்னு நானும் ஆமான்னுட்டேன். எல்லாரும் நான் வண்டிக்குப் பயப்படுதேன்னு நினைச்சுக்கிட்டு இருக்காவ. எனக்கு வண்டின்னா பயமில்லைய்யா. இவரு பின்னால உக்காரத்தான் பயம்."

போன் கொஞ்சம் யோசித்துவிட்டு வியட்நாம் பாஷையில் எதையோ சொன்னது. மிகச் சின்னதாகச் சொன்னது. அதில் என்ன போய்ச் சேர்ந்தது என்று எனக்குத் தெரியாது. லாம் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சட்டைப் பையைத் தொட்டு, "மிஸ்டர். கீ, நோ" என்றார்.

கணவாய் உச்சி அரை கிலோமீட்டர்தான். லாம் முதலில் வடிவைத் தன் வண்டியில் அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, என் வண்டியைத் தள்ளிக்கொண்டு என்னோடு நடந்தார். அங்கே ஒரு பழைய கோட்டையும் காப்பிக் கடையும் இருக்கின்றன. லாம் தன் மனைவிக்கு போன் செய்தார். ஐம்பது நிமிஷம் காத்திருந்தோம். வடிவு ஒரு மேஜையில், நான் ஒரு மேஜையில். லாம் நடுவில் நின்று புகை பிடித்தார்.

அவர் மனைவி ஹோவா டா நாங்கிலிருந்து யாரோ ஒருவரின் பைக்கில் வந்து இறங்கினாள். பூப்போட்ட சட்டை, முகத்தில் துணி, என் தோள் உயரம்கூட இல்லை. உடைந்த கண்ணாடியைப் பார்த்து லாமிடம் நாலு வார்த்தை சத்தம் போட்டாள். பிறகு வண்டியில் ஏறி உட்கார்ந்து, பின் சீட்டைக் கையால் தட்டினாள். எனக்குத்தான்.

நான் இதுவரைக்கும் யார் பின்னாலும் உட்கார்ந்ததில்லை. சின்ன வயதில் அப்பா சைக்கிளில் உட்கார்ந்திருப்பேன், அதோடு சரி.

பின்னால் உட்கார்ந்தவனுக்கு ரோடு தெரியவில்லை. இதை எழுதியே ஆகவேண்டும். ஓட்டுகிறவருடைய முதுகு தெரிகிறது, தலை தெரிகிறது. வளைவு வருவதை உடம்பு சாய்ந்த பிறகுதான் தெரிந்துகொள்கிறோம். எதிரில் என்ன வருகிறது என்று ஹாரன் கேட்ட பிறகுதான் தெரிகிறது. பிரேக் என் காலில் இல்லை. இருந்தும் கால் அழுத்திக்கொண்டே இருந்தது. ஹோவா முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. அப்படியும் ஒவ்வொரு வளைவிலும் பின் கம்பியை இறுக்கிப் பிடித்தேன். இரண்டு முறை "ஸ்லோ, ஸ்லோ" என்றேன். இரண்டு முறையும் அவள் உடனே குறைத்தாள்.

உடனே குறைத்தாள்.

கீழே வந்து இறங்கியபோது என் விரல்களைக் கம்பியிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருந்தது.

மார்ச் 11, திங்கள்
டா நாங்

வடிவு நேற்றிலிருந்து தேவைக்கு மட்டும் பேசுகிறாள். மாத்திரை போட்டீங்களா. சாவி எங்க. அவ்வளவுதான். காலையில் தனியாகக் கடற்கரைக்குப் போய்விட்டாள்.

பத்து மணிக்குத் தேன்மொழி வீடியோவில் வந்தாள். முழங்கால் கட்டைப் பார்த்து, "என்னப்பா இது?" என்றாள். இடது பக்கம், வலது பக்கம் என்று ஆரம்பித்தேன். பாதியில் நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நேற்று நடந்தது, ஆறு வருஷத்துக்கு முன்னால் நடந்தது. நாயே வரவில்லை என்று சொன்னேன். மாப்பிள்ளையும் பக்கத்தில் இருந்தார். அவர் எழுந்து போகப் பார்த்தார். "இருங்க மாப்பிள்ளை, நீங்களும் கேளுங்க" என்றேன்.

"அம்மா எங்க?" என்றாள் தேன்மொழி. பிறகு அழுதாள். பிறகு வைத்துவிட்டாள்.

இருந்தாலும் எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. இந்த வயதில் மாப்பிள்ளை முன்னால் இதைச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்? வடிவு கால் முழுக்க மணலோடு திரும்பி வந்ததும், "தேன்மொழிகிட்ட உள்ளதச் சொல்லிட்டேன். மாப்பிள்ளைகிட்டயும்" என்றேன்.

அவள் காலைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். தண்ணீர்க் குழாயை மூடவே இல்லை. நான் போய் மூடினேன்.

மார்ச் 12, செவ்வாய்

காலைச் சாப்பாட்டுக்கு வடிவு கீழே வரவில்லை. ரொட்டியும் வாழைப்பழமும் தட்டில் எடுத்துக்கொண்டு அறைக்குப் போனேன். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். சுடிதாரைத் தொடை வரைக்கும் சுருட்டியிருந்தாள். தழும்பு தெரிந்தது. ஒரு சாண் நீளம். நான் அதைச் சரியாகப் பார்த்தே வெகுநாளாகிறது.

"மககிட்டச் சொன்னீங்க. மாப்பிள்ளைகிட்டச் சொன்னீங்க" என்றாள். "எங்கிட்ட எப்ப சொல்லப் போறீங்க?"

"உனக்குத்தான் எல்லாம் தெரியுமே, வடிவு."

"எனக்குத் தெரியும். நீங்க சொல்லல."

தட்டைக் கீழே வைத்தேன். எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து சொன்னேன். நாய் வரவில்லை. நீ மெதுவாப் போகச் சொன்னே, நான் வேணும்னுதான் முறுக்கினேன். உன் கால் என்னாலதான் போச்சு. நாயின்னு சொன்னது உங்க அப்பாவுக்குப் பயந்து. மன்னிச்சிரு. இவ்வளவுதான் சொன்னேன். சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆறு வருஷம் ஆகியிருக்கிறது.

வடிவு தைலப் புட்டியை மூடினாள். "அன்னைக்கு உங்களுக்கு என்ன கோவம்?" என்று கேட்டாள். "ஆறு வருஷமா நினைச்சு நினைச்சுப் பாக்கேன். எங்க அப்பா மரியாதைக் குறைவா எதும் சொல்லிட்டாரா, பந்தியில கூப்பிடலையா, சம்பந்தி வீட்டுக்காரங்க எதும் பேசினாங்களா, ஒண்ணும் பிடிபடல. கல்யாண வீட்டுலருந்து கெளம்பும்போதே மூஞ்சி சரியில்ல. நான் என்ன செஞ்சேன்?"

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நேற்று தேன்மொழியிடமும் சொல்லவில்லை. இந்த நோட்டிலும் எழுதவில்லை. லாக் புக்கில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விட்டு நான் கையெழுத்துப் போட்டதே கிடையாது.

"செண்பகராமன் அத்தான்" என்றேன்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. செண்பகராமன் அவளுடைய மாமா மகன். எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் அவருக்குத்தான் அவளைப் பேசியிருந்தார்கள், ஏதோ காரணத்தால் நின்றுபோனது. அந்தக் கல்யாண வீட்டில் பந்தி முடிந்து வாசலில் அவர் இவளிடம் ஏதோ சொன்னார். இவள் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரைக்கும். நான் வண்டியைத் துடைத்துக்கொண்டு வெயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடம் அப்படிச் சிரித்து எத்தனை வருஷம் இருக்கும் என்று அப்போது யோசித்தேன். இதைச் சொன்னேன்.

வடிவு தைலப் புட்டியைக் கீழே வைத்தாள்.

"அத்தான் என்ன சொன்னாரு, நான் என்னத்துக்குச் சிரிச்சேன், ஒண்ணுமே எனக்கு ஞாபகமில்ல" என்றாள். பிறகு சுடிதாரை இழுத்துத் தழும்பை மூடினாள். "அதுக்கா என் காலு?"

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மத்தியானம் வரைக்கும் படுத்திருந்தாள். எழுந்து முகம் கழுவிவிட்டு, "நாளைக்கு லாமும் ஹோவாவும் இங்க பக்கத்துல சோன் த்ரா மலைக்குப் போறாங்களாம். அதுவும் கடலோர ரோடுதானாம். என்னையும் கூப்பிட்டிருக்காங்க. நான் போறேன்" என்றாள்.

"சரி."

"நீங்க வரண்டாம்."

"சரி" என்றேன் மறுபடியும்.

மார்ச் 13, புதன்

8.15. வடிவு கிளம்பிவிட்டாள். லாம் பின்னால். ஹோவா தனி வண்டியில். வாசலுக்குப் போய் ஹெல்மெட் வாரை மட்டும் நான் மாட்டிவிட்டேன். இறுக்கமாக இருக்கிறது என்றாள். ஒரு துளை தளர்த்தினேன்.

9.00. இந்நேரம் மலை ஏற ஆரம்பித்திருப்பார்கள். கை கம்பியில் இருக்கிறதோ தோளில் இருக்கிறதோ.

9.30. இதை எழுதியிருக்கக்கூடாது. எழுதியாயிற்று, அடிக்கப்போவதில்லை.

10.40. அவளுடைய துணிகளையும் என் துணிகளையும் துவைத்துப் பால்கனியில் காயப்போட்டேன். பால்கனியிலிருந்து அந்த மலை தெரிகிறது. உச்சியில் மேகம்.

12.30. கீழே கடையில் "சாய்" என்று கேட்டுச் சோறும் கீரையும் சாப்பிட்டேன். பருப்புப்பொடி புட்டியைப் பார்த்தேன், கால்வாசிதான் இருக்கிறது. வடிவு பாதியை ஒரு பொட்டலம் கட்டி எடுத்துப் போயிருக்கிறாள், ஹோவாவுக்கு. போகும்போது சொல்லிக்கொண்டுதான் போனாள்.

1.15. தேன்மொழி போன். "அம்மாவத் தனியா அனுப்பிட்டீங்களாப்பா?" என்றாள். அவளே போனாள் என்றேன். "நீங்க என்ன செய்யுதீங்க?" காத்துக்கிட்டு இருக்கேன் என்றேன். "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். ஆச்சு என்றேன்.

2.00. மழைத் தூறல். ஈர ரோடு. போன் செய்யலாமா என்று நான்கு முறை கையில் எடுத்தேன். லாம் நன்றாகத்தான் ஓட்டுவார். என்னைவிட நன்றாகத்தான் ஓட்டுகிறார்.

3.40. வந்துவிட்டாள்.

முகமெல்லாம் கறுத்து, முடி கலைந்து, முழங்கை வரைக்கும் தூறல் நனைந்து வந்தாள். ஒரு பாட்டில் தண்ணீரை நின்றபடியே குடித்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாய், என்ன பேசினீர்கள், எதற்குச் சிரித்தீர்கள் என்று கேட்க வாயில் எல்லாம் வரிசையாக நின்றன. ஒன்றையும் விடவில்லை. துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

தலையைத் துவட்டிக்கொண்டே அவளாக ஆரம்பித்தாள். "மேல ஒரு குரங்கு பாத்தோம் பாருங்க. முழங்காலுக்குக் கீழ செக்கச் செவேல்னு. யாரோ சாயத்துல முக்கி எடுத்த மாதிரி. மூஞ்சி மட்டும் மஞ்சளா, பவுடர் அப்புன மாதிரி. லாம் வண்டிய நிறுத்தி, வாயில விரலை வச்சு..." என்று லாம் செய்ததுபோலவே செய்து காட்டினாள். காட்டும்போதே சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

காட்டில் சிரித்த சிரிப்பின் மிச்சம் அது. எனக்கு வயிற்றுக்குள் பழைய இடத்தில் பழைய மாதிரியே பிடித்து இழுத்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் கல்யாண வாசலில் இழுத்தது, கணவாயில் இழுத்தது. இரண்டு தடவையும் நான் வண்டியைத்தான் முறுக்கினேன். இன்றைக்குக் கையில் வண்டி இல்லை.

"வடிவு" என்றேன். "எனக்குப் பொறாமையா இருக்கு."

சொல்லிவிட்டு எனக்கே முகம் சுட்டது. அறுபது வயதில் ஒரு மனுஷன் சொல்லுகிற வார்த்தையா இது.

அவள் துவட்டுவதை நிறுத்தினாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். கோபமா, பரிதாபமா என்று எனக்குத் தெரியவில்லை. இருபத்தொன்பது வருஷமாகியும் சில பார்வைகள் எனக்குத் தெரியவில்லை.

"இருக்கட்டும்" என்றாள். "இருந்துட்டுப் போகட்டும்."

பிறகு எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு, வலது காலை மெதுவாக நீட்டி உட்கார்ந்து, குரங்கைப் பற்றி மறுபடியும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.